தெளிவத்தை ஜோசப்: எழுத்தும் வாசிப்பும்

ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தாம் பணிபுரிந்த பதுளைத் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். அவரது ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இல் வீரகேசரி வெளியீடாகவும், ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. இவற்றைத் தோட்டத் தொழிலாளர் துயரின் ஆவணங்களாக மட்டும் கொள்வோர் உளர். அக்கணிப்பு குறைபாடுடையது. ‘மீன்கள்’ சிறுகதையில் லயக் காம்பராவின் இடநெருக்கடி வெறும் தகவலாக நின்றுவிடவில்லை. அந்நெருக்கடியில் ஒரு குடும்பத்தின் அந்தரங்கமும் மானமும் படும் பாடே கதையாகிறது. துயரத்தை அறிவிக்கும் எழுத்துக்கும் வெட்கத்தை உணர்த்தும் எழுத்துக்குமுள்ள வேறுபாடு இங்கு மனங்கொளத்தக்கது.

ஜோசப்பின் வாசிப்பும் இத்தகையதே. தம் நூல்களைப் பெருக்குவதினும் பிறர் கதைகளைத் தேடிப் படிப்பதில் அவர் மிகுந்த உழைப்பைச் செலவிட்டார். 1997இல் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’, 2000இல் எழுதிய ‘மலையகச் சிறுகதை வரலாறு’ ஆகியன அதற்குச் சான்று. பத்திரிகைப் பக்கங்களோடு மறைந்திருக்கக்கூடிய பல கதைகள் அவற்றால் ஒரு மரபாயின. தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2013இல்தான் அவருக்குக் கிட்டியது. 2022இல் அவர் மறைந்தார். அனுதாபத்தால் அவரைப் பாராட்டுவது எளிது. ஆயினும், சக எழுத்தாளரை அவர் படித்தது போல அவரையும் கதை கதையாகப் படித்து மதிப்பிடுவதே திறனாய்வின் கடமையாகும்.