நாவலர் பாரதியாரின் வழக்கு நெறியும் இலக்கிய நெறியும்

நாகலாபுரம், எட்டயபுரம், கோவிற்பட்டி ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட கரிசல் வட்டாரம் வானம் பார்த்த நிலமாகும். அவ்வட்டாரத்து எட்டயபுரத்தில் 1879-இல் தோன்றியவர் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார். 1905-இல் சட்டப் பட்டம் பெற்றுத் தூத்துக்குடியிலும், பின்னர் மதுரையிலும் வழக்கறிஞராக விளங்கிய அவர், 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே, 1936-இல், ‘மாரிவாயில்’ என்னும் அவரது செய்யுள் நூல் வெளிவந்தது. வழக்காடல், கற்பித்தல், பாப்புனைதல் என்னும் இம்மூன்றும் ஒரு நெறிப்பட்டனவா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

‘சேரர் தாயமுறை’ என்னும் ஆராய்ச்சியில் வழக்கு நெறி நன்கு பயன்படுகிறது. சேரர் அரசுரிமை மக்கள் வழியதன்று, மருமக்கள் வழியதே என்பது அவர் துணிபு. தாயம் என்பது நீதிமன்றத்தில் நாள்தோறும் எழும் பொருள். ஆதலின், பதிற்றுப்பத்துப் பதிகங்கள் கூறும் உறவுமுறைகளை உரிமை ஆவணங்களை ஆய்வார்போல் அவர் நுணுகி ஆய்கின்றார். முடிபை ஏலாதாரும் அம்முறையைப் போற்றுவர்.

‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்னும் நூலிலோ அந்நெறியின் எல்லையும் புலனாகின்றது. கைகேயியை மணந்த காலத்தே தசரதன் நாட்டை அவளுக்குரிய பரிசமாகத் தந்தான் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. வான்மீகத்து அயோத்தியா காண்டத்தில் இராமன் வாய்மொழியாகவே இச்செய்தி வருதலின், இது வெறுங் கற்பனையன்று. பழி சுமந்து நிற்பாளொருத்திக்காக வழக்குரைக்கும் அறவுணர்வும் போற்றற்குரியதே. எனினும், கைகேயி வேண்டிய வரங்கள் இரண்டு. முன்வாக்கு முதல் வரத்துக்குச் சான்றாகலாம். பதினான்கு ஆண்டு வனவாசத்துக்கு அதுவே சான்றாகாது. அன்றியும், உரிமை எவருடையதெனத் தீர்ந்த பின்னும், மகனைப் பிரியும் தந்தையின் துயரம் தீராது எஞ்சுகின்றது. வழக்கில் தோற்றானுடைய கண்ணீருக்கும் காப்பியத்தில் இடமுண்டு.

இக்குறையைக் காட்டும் அளவுகோலை யாம் பிறரிடம் கடன் வாங்க வேண்டுவதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்குப் புத்துரை வகுத்தவரும் இந்நாவலரே. கார்முகிலைத் தூதாக்கிப் பிரிவாற்றாமையைப் பாடியவரும் அவரே. மழையை நோக்கிக் காத்திருத்தல் இன்னதென்பதைக் கரிசல் நிலத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டா. சான்றால் நிறுவலாகாததும் உண்மையாதல் கூடும் என்பதை உணர்ந்தவரே அத்தகைய பாட்டை இயற்ற முற்படுவார்.

ஆகவே, அவரிடத்து மூன்று தொழில்களும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதும், ஒரோவழி ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர்ந்தது என்பதும் எம் துணிபு. இலக்கிய ஆய்வில் புகும் மாணவர் அவர்பால் கற்க வேண்டுவன இரண்டு: சான்றின்றிப் பேசாமை ஒன்று, சான்று முடியுமிடத்தில் பாட்டு முடிவதில்லை என்றறிதல் மற்றொன்று.