கல்லச்சில் பூத்த காடு

திக்லிபூரின் சாடில் பீக் (732 மீட்டர்) அந்தமானிலேயே உயரமான சிகரம். அதன் சரிவில் பெயர் தெரியாத மரம் ஒன்றைக் கண்டால், தாவரவியலார் இன்றும் புரட்டுவது பெரும்பாலும் நிறமில்லாத பழைய கல்லச்சுப் படங்களைத்தான்.

இந்தியாவில் இக்கலையை முதலில் கையாண்டது கல்கத்தா. தாவரவியலார் நத்தானியேல் வாலிச்சின் நேபாளத் தாவர நூல் 1824–26இல் கல்லச்சுப் படங்களுடன் வெளியானது. அவரே பின்னர் லண்டனில் வெளியிட்ட பெருநூல் (1830–32) வண்ணத்துக்கு மாறியது. அழகு கூடியது, விலையும் ஏறியது.

சென்னை வழி வேறு. தாவரவியலார் ராபர்ட் வைட் ஒரு பக்கம் வண்ண நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் வந்த படங்கள் ஒப்பீட்டளவில் குறைவு. மறுபக்கம் வண்ணத்தை அறவே விட்டு, 1838 முதல் 1853 வரை 'ஐகோனிஸ்' தொகுதிகளை வெளியிட்டார்: ஆறு தொகுதிகள், 2,101 படங்கள். வண்ணம் தீட்டும் கூலி மிச்சமானதால்தான் அத்தனை செடிகளுக்கும் இடம் கிடைத்தது. வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்.

வனத்துறை அதிகாரி ரிச்சர்ட் பெடோம் இதே வழியில் தென்னிந்தியப் பெரணிகளையும் (1863) காட்டு மரங்களையும் (1869–74) பதிவு செய்தார். 1887இல் ஜார்ஜ் கிங் தொடங்கிய கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் 'அன்னல்ஸ்' பல பேரினங்களைத் தனித்தனியே முழுமையாக ஆராய்ந்தது. 1891இல் ஜாதிக்காயின் முறை வந்தது.

இந்தப் படங்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

முதலில் கோடு. இலையின் பளபளப்பையும் அடிப்புற ரோமத்தையும் நிறத்தின் துணையில்லாமல் கோடும் புள்ளியுமே உணர்த்த வேண்டும். அடுத்து, பகுத்துக் காட்டல். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இருவகைப் பூவும், பிளந்த காயும், விதையைச் சுற்றிய பத்திரியும் ஒரே தாளில் அமையாவிட்டால் படம் அரைகுறைதான்.

மூன்றாவது, திசை. கல்லில் உள்ளது தாளில் இடம் வலம் மாறி விழும். சாதாரணக் கிளைக்கு இதனால் கேடில்லை. வள்ளிக்கிழங்குக் கொடிகளிலோ சில இனங்கள் வலமாகவும் சில இடமாகவும் சுற்றுகின்றன. இனத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அச்சில் சுற்று மாறிவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும் அந்தப் படம் வேறொரு கொடியைத்தான் காட்டும்.