பனியன் கண்ட வாயாடி

மாயக்காரன் என்னும் விவிலியச் சொல்லைக் கேட்டதும் திருட்டு விழி கொண்ட ஒருவனையே நம் மனம் புனைந்து கொள்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல் அப்புனைவைக் கலைத்து விடுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் 'மோட்சப் பிரயாணம்' என அறிந்ததும், கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) தழுவியதும் அந்நூலையே.

மாயக்காரன் என்றே பெயர் பூண்ட ஒருவன் அதில் வருகிறான். வாயில் வழி வாராது மதிலேறிக் குதிக்கிறான். விரைவிலேயே இருண்ட மலைகளிடையே இடறி விழுந்து மடிகிறான். இவனால் நமக்கு அச்சமில்லை. பெயரிலேயே பிடிபட்டு விட்டவன் அல்லவா? அஞ்சத்தக்கவன் வாயாடி என்னும் மற்றொருவன்.

தூரத்தில் அழகன், அருகில் அத்துணை இல்லை என்று பனியன் முதலிலேயே குறிப்பு வைக்கிறார். மனந்திரும்புதல், விசுவாசம், ஜெபம் என எதைப் பற்றியும் அவன் பிழையறப் பேசுகிறான். உண்மையன் என்னும் நல்ல யாத்திரிகனே மயங்கி விடுகிறான். அவனுடைய தோழன் கிறிஸ்தியான் மயங்காமைக்குக் காரணம் கூரிய அறிவு அன்று. வாயாடியின் குடும்பத்தை ஊரில் அறிந்திருந்தமையே. அவ்வீட்டில் ஜெபமில்லை, வேலையாட்களுக்கு வசவு, அண்டை அயலாரிடம் வஞ்சனை. பக்திக்குச் சாட்சி சொல்ல ஆலயத்தார் அல்லர், வேலைக்காரர் அழைக்கப்படுகின்றனர்!

பேச்சை இவ்வாறு ஐயுறும் பனியனோ பேச்சுக்காகவே சிறை சென்றவர். அனுமதியின்றிப் போதித்தார் என 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையிற் கிடந்தார். இனிப் போதியேன் என ஒப்பியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டிலோ பார்வையற்ற மகள். சிறைக்குள் நாடாக்கள் செய்து அவர் குடும்பத்தைத் தாங்கினார். எனவே, பேசுகிறான் என்பதற்காக அவர் வாயாடியை வெறுத்திருக்க முடியாது. தன் சொல்லுக்குச் செப்புக்காசும் விலை தந்தறியாதவன் என்பதே குற்றம்.

ஓர் இடறல் மட்டும் எனக்குண்டு. பிறன் வீட்டை உரைகல்லாக்கும் கிறிஸ்தியான், தன் மனைவி மக்கள் கூவியழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனாயிற்றே! பனியனுக்கும் இது உறுத்தியிருக்கும் போலும். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர்களையும் அவ்வழியே நடத்துகிறார்.

வாயாடி மட்டும் மடிவதில்லை. உன் வாழ்வும் உன் சொல்லும் ஒன்றா என்று உண்மையன் வினவியதும் முகம் சிவக்கிறான். பிறகு, உம்மைப் போன்ற சிடுமூஞ்சிகளோடு உரையாட இயலாது எனக் கூறி, விடைபெற்றுப் போய்விடுகிறான்.