கடற்கொள்ளையர் செட்டுகளில் பாணிகளும் தராதரமும்

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா மலர்க்குழு கேட்டது மூன்று பக்கம். மூன்று பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்று செயலாளருக்கும் தெரியும். சங்கத்தில் பெரியவர்கள் இருக்கும்போது நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுமோ என்று தயங்கினேன். "நீ எழுதுப்பா, தப்பு இருந்தா கூட்டத்துல நான் சொல்லிக்கறேன்" என்று எங்கள் ஆசானே சொல்லிவிட்டார். அதற்கு மேல் மறுக்க வழியில்லை. தன் பெயரை அச்சில் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. யார் என்று உறுப்பினர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

லெகோவின் 1989 கடற்கொள்ளையர் வரிசையைப் பற்றி இந்த மலரின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 6285, 6274, 6276 என்று எண்ணைச் சொன்னாலே கண்ணில் ஒளி வருகிறவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறார்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1978-ல் யென்ஸ் நைகார்ட் நுட்சன் நமக்கு மினிஃபிகரைக் கொடுத்தார். அன்று முதல் அத்தனை பொம்மைக்கும் ஒரே முகம்: இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. அரசனும் அதே சிரிப்பு, தீயணைப்பு வீரனும் அதே சிரிப்பு. கொள்ளையர்கள் வந்த பிறகுதான் தாடி, மீசை, கண்கட்டு எல்லாம் முகத்தில் ஏறின. கைக்குப் பதில் கொக்கி, காலுக்குப் பதில் கட்டை. லெகோவில் துப்பாக்கி எட்டிப் பார்த்ததும் அப்போதுதான். பீரங்கியில் ஸ்பிரிங் வைத்து நிஜமாகவே குண்டு சுட வைத்தார்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டிகளில் அந்தப் பீரங்கி சுடாது என்பதை நம் மூத்தவர் ஒருவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நுட்சனோடு நீல்ஸ் மிலன் பெடர்சனும் சேர்ந்து போட்ட அஸ்திவாரம் அது. மற்றதெல்லாம் அதன் மேல் எழுந்தவை.

இனி பாணிகள்.

முதலாவது வார்ப்புப் பாணி. முன்புறம், நடு, பின்புறம் என்று ஹல், அதாவது கப்பலின் உடற்கூடு, பெரிய வார்ப்புத் துண்டுகளாகவே வரும். நடுத்துண்டைக் கூட்டினால் கப்பல் நீளும். பாராக்குடா (6285), கிளிப்பர் (6274), பிறகு 1993-ன் 6286 கப்பல் எல்லாம் இந்த வழி. எங்கள் ஆசான் இந்தப் பாணிக்காரர், நானும் அப்படியே. இதைச் சோம்பேறிக் கட்டுமானம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஹல்லைத் தயாராகக் கொடுத்துவிட்டால் கட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். வேலை அதற்கு மேலேதான் இருக்கிறது என்பது ஆசானின் பதில். பாய்மரத்தை எங்கே நிறுத்துவது, பின்தளத்தை எத்தனை கட்டை உயர்த்துவது, பீரங்கி பின்னுக்கு இழுபட இடம் விடுவது எப்படி, தளத்தில் ஆள் நடக்க வழி எங்கே? இத்தனைக்கும் விடை சொல்லாத கப்பலுக்கு ஹல் எப்படி வந்தால் என்ன?

இரண்டாவது அடுக்குப் பாணி. ஹல்லைச் சிறு கட்டைகளாலேயே வளைத்து, ஸ்டட்டை, அதாவது கட்டையின் மேல் உள்ள குமிழை, பக்கவாட்டில் திருப்பி, பலகை பலகையாக அடுக்குவது. இதில் கைதேர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருவர் இருக்கிறார்கள். அவர்கள் கப்பலின் அடிவயிற்று வளைவைப் பார்த்தால் நிஜக் கப்பல்கட்டியே வியப்பான். எனக்கு இதில் மரியாதை உண்டு, பற்று இல்லை. அவ்வளவே.

கோட்டைப் பாணியைப் பற்றி எழுதினால் நீண்டுகொண்டே போகும். 6276 எல்டொராடோ கோட்டை 500 சொச்சம் துண்டுதான். மேடாக எழும்பிய பேஸ்பிளேட் என்ற அடிப்பலகை மேல் உட்கார்ந்திருந்ததால் பார்வைக்கு அது இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அதன் மறுபிறவியாக 2023-ல் 10320 வந்தபோது துண்டு 2509. அந்த மேட்டுப் பேஸ்பிளேட் மட்டும் இல்லை. பாறையைக் கட்டைகளாலேயே எழுப்பி, கோட்டையைப் பிரித்து வேறு வகையில் அடுக்கிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். ‘பிளேட் இல்லாமல் என்ன கோட்டை’ என்று கோட்டைக்காரர்கள் இரு கட்சியாகிவிட்டார்கள். எனக்குப் புதியது பிடித்திருக்கிறது. இதைச் சொன்னதற்காக என்னை யாரும் கூட்டத்துக்கு வராதே என்று சொல்லவில்லை, இதுவரை.

சினிமாப் பாணிக்கு ஒரு பத்தி போதும். 2011-ல் பிளாக் பேர்ல், குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச். 2017-ல் 2294 துண்டுகளோடு சைலன்ட் மேரி. கறுப்புப் பாயும் கிழிசல் பாயும் அழகுதான். மஞ்சள் முகம் போய் மனிதத் தோல் நிறம் வந்துவிட்டது. கதை வெளியிலிருந்து வருகிறது, நாம் கட்டுவதற்கு முன்பே முடிந்தும்விடுகிறது. இந்த வழியாகச் சங்கத்துக்கு வந்த இளைஞர்கள் பலர் இன்று நல்ல கட்டுநர்கள். ஆகவே குறை சொல்லமாட்டேன்.

கொள்ளையரை எதிர்க்கும் படைவீரர்களுக்கு நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா என்ற பழைய வழக்கை நான் கிளறப்போவதில்லை. 1989-ல் நீலம், 1992-ல் சிவப்பு, 2009-ல் சிவப்பு, 2010-ன் 10210-லும் சிவப்பு, 2015-ல் மறுபடி நீலம், 2023-லும் நீலம். லெகோவின் தலைமையகமான பில்லுண்டே முடிவு செய்யாததை நாம் ஏன் ஆண்டு விழாவில் முடிவு செய்ய வேண்டும்? 1994-ல் வந்த தீவுவாசிகள் வரிசையையும் அதிகம் கிளறமாட்டேன். அந்த அச்சு, அந்த நிறங்கள் எல்லாம் அருமை. அந்த மனிதர்களைக் காட்டிய விதம் இன்று நெருடுகிறது. அதை யாரும் புதுப்பிக்காததில் எனக்கு வருத்தமில்லை.

ஆசானைப் பற்றிச் சொல்லாமல் தராதரம் என்ற சொல்லை நான் எழுத முடியாது. அவர் வீட்டுக் கூடத்தில் 6285 ஒன்று நிற்கிறது. 2002-ல் 10040 என்ற எண்ணில் திரும்ப வந்ததல்ல, மூலப் பிரதி. யார் கப்பல் கட்டிக்கொண்டு போனாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார். கப்பலின் நடு ஹல்லுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்குவார். தூக்கிக்கொண்டு சமையலறை வரை நடப்பார், திரும்பி வருவார். ஒரு துண்டு கீழே விழுந்தால் கப்பலை மேசையில் வைத்துவிட்டு, "காபி சாப்பிடறீங்களா?" என்பார். தீர்ப்பு அதுதான். எதுவும் விழாவிட்டால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வந்து பார்ப்பார்.

பழுப்பு நிறத்தில் அவர் காட்டும் கண்டிப்பு ஊரறிந்தது. 2004 வாக்கில் பழைய பழுப்பு போய்ச் செம்பழுப்பு வந்தது, சாம்பல் நிறங்களும் நீலம் கலந்து மாறின. இரண்டு பழுப்பையும் ஒரே தளத்தில் கலந்தவரை அவர் ஒருபோதும் பாராட்டியதில்லை. பழைய கப்பலுக்குப் பழைய பழுப்பு, கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை காத்திரு. வெள்ளைக் கட்டை மஞ்சளித்துப்போனால் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டுவதையும் அவர் ஏற்கமாட்டார். வயதான கட்டைக்கு வயது தெரியட்டுமே என்பார்.

அவர் கையைப் பார்க்க வேண்டிய இடம் பாய்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பழைய பாராக்குடா பாய் ஒன்றை அவர் சுத்தம் செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு. கசக்கக் கூடாது, விரல் நுனியால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். இரண்டு துவாலைகளுக்கு நடுவே விரித்து நிழலில் காயவைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, சூடு குறைத்த இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுப்பார். ஓரத்தில் பிரிந்த இழையை இழுக்காமல் கத்தரி நுனியால் ஒன்றொன்றாக நறுக்குவார். கயிற்று நுனியை அரிசிக் கஞ்சியில் தொட்டு முறுக்கிக் காயவிட்டால் ஊசிபோல் நிற்கும், ஓட்டையில் ஒரே முயற்சியில் நுழையும். இது எந்தக் கையேட்டிலும் கிடையாது.

பாயைத் தொட்டுவிட்டதால் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குறிவைத்து எழுதவில்லை. எழுதுகிறவன் கை தடுமாறினால் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற சில கண்காட்சிகளாக ஒரு வழக்கம் தலைதூக்கியிருக்கிறது. கப்பலை மேசையில் வைக்கிறார்கள், பாய்மரம் இருக்கிறது, பாய் இல்லை. கேட்டால், பாய் மறைப்பதால் போட்டோவில் தளத்து நுணுக்கம் விழவில்லை என்கிறார்கள். கேமராவுக்காகக் கப்பலின் பாயை அவிழ்ப்பதா? காற்றைப் பிடிக்கிற உறுப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மிதக்கும் பால்கனி. தளத்து நுணுக்கம் வேண்டுமானால் குனிந்து பார்க்கட்டும். குனிவதற்கு உடம்பு வளையாதவர்களுக்கு நாற்காலி போடலாம், சங்கத்தில் நாற்காலிக்கா பஞ்சம்?

இது பாயோடு நிற்பதில்லை. பாய் இல்லாததால் கயிறு தேவையில்லை. கயிறு இல்லாததால் முடிச்சு போடத் தெரியவில்லை. முடிச்சு தெரியாதவர் வலை ஏணியை ஒரு பக்கம் மட்டும் மாட்டுகிறார், அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுக்கிறார். அடுத்த வருடம் அந்த ஒரு பக்கமும் கணினித் திரையில்தான் இருக்கிறது. கையில் ஒரு கட்டைகூட இல்லாமல், திரையில் அடுக்கிய ஐயாயிரம் துண்டுக் கப்பலைக் காட்டி ‘என் கட்டுமானம்’ என்கிறார்கள். அதை ஆசான் எந்தக் கையால் தூக்குவார்? இன்னொரு சாரார் பெட்டியையே பிரிப்பதில்லை. சீல் உடையாத 6286-ஐ நிலப்பத்திரம்போல் பீரோவில் பூட்டி, விலை ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கிற மாலுமிகள் 1993 முதல் பாலிதீன் பைக்குள் தலை வேறு கால் வேறாகக் கிடக்கிறார்கள். கூட்டத்துக்கு ஐந்து மணி என்றால் ஆறரைக்கு வருவதும், நூலக இதழ்களை எடுத்துப்போய்த் திருப்பாததும், சந்தாவை டிசம்பர் வரை இழுப்பதும் இந்தப் பாய் அவிழ்ப்பிலிருந்துதான் தொடங்கியது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் பாயோடு வருகிறவர்கள் யாரும் சந்தா பாக்கி வைத்ததாகப் பொருளாளர் சொன்னதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. பாப்லோ சான்செஸ் என்ற ரசிகர் முன்வைத்த வடிவத்துக்குப் பத்தாயிரம் பேர் ஆதரவு தர, அது 2020 ஏப்ரலில் 21322 ஆக வந்தது. மொத்தம் 2545 துண்டு. கரையொதுங்கி உடைந்த பாராக்குடா, அதன் மேலேயே கொள்ளையர்கள் குடித்தனம். பிரித்துச் சேர்த்தால் மறுபடி முழுக் கப்பல். பழைய கொள்ளையர் தலைவன் கேப்டன் ரெட்பியர்டும் அதில் திரும்பி வந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நுட்சன் காலமானார். இந்த செட்டில் பாயைத் துணியிலேயே கொடுத்திருக்கிறார்கள், கிழிசலோடு. கிழிந்தாலும் பாய் பாய்தான் என்பதைப் பில்லுண்டில் இருப்பவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

6285 பெரிதா, 6286 பெரிதா என்று கேட்டு மலர்க்குழு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தது. கட்டுமானத்தில் 6286, அழகில் 6285 என்பது ஆசானின் தீர்ப்பு. எனக்கு இரண்டிலும் 6285.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கண்காட்சிப் படிவத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: கப்பல்கள் பாய் விரித்த நிலையில், கட்டியவர் கையாலேயே மேசைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். பாய் வெளுப்பதையும் கயிறு கட்டுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தர ஆசான் சம்மதித்திருக்கிறார். நாள் முடிவானதும் செயலாளர் தெரிவிப்பார். பழைய பாய் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தூக்கி எறிய வேண்டாம். கறை படிந்திருந்தாலும் ஓரம் பிரிந்திருந்தாலும் மடிக்காமல் சுருட்டி எடுத்து வாருங்கள்.