பெருவிண்மீன் பிறப்பு: மூன்று பள்ளிகளும் ஓர் உரைகல்லும்

மாசியில் மழை விட்டால் இலங்கை மலைநாட்டுக் கொஸ்லந்தைக்கு நல்ல வானம் கிடைக்கும். முன்னிரவில் ஏறத்தாழ உச்சிக்கே வந்து நிற்கும் ஓரியன். அதன் இடுப்புப் பட்டிக்குக் கீழே, வாளில், புகைபோல் தெரிவது ஓரியன் நெபுலா. அதன் பின்னால் கண்ணுக்கு அகப்படாத கருமேகம் ஒன்றுண்டு. அங்கிருந்து வரும் கார்பன் மோனாக்சைடின் ரேடியோக் கோடு இருபுறமும் அகன்று கிடப்பதை 1976இல் குவானும் ஸ்கோவிலும் எழுதினார்கள். உள்ளே விழவேண்டிய வாயு வெளியே சீறிக்கொண்டிருந்தது. இதுதான் வெளிப்பாய்ச்சல்.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன், வளர்ந்து முடியுமுன்பே எரியத் தொடங்கிவிடும். அந்த ஒளியே வந்து விழும் தூசையும் வாயுவையும் எதிர்த்துத் தள்ளும். அப்படியானால் எப்படிப் பெருத்தது? பள்ளிகள் பிரிவது இந்தக் கேள்வியில்தான். மெக்கீ, டான் ஆகியோரின் பள்ளி (2003), அடர்ந்த மேகமுடிச்சு ஒன்று தானே சுருங்கி, சுழலும் வட்டின் வழியே விண்மீனுக்கு ஊட்டுகிறது என்கிறது. வெளிப்பாய்ச்சல் குடைந்த துருவ வழிகளில் ஒளி தப்பிவிடுமாம். பானல், பேட் பள்ளிக்கோ பிறப்பு கூட்டமாக நடப்பது: பொது வாயுவுக்குப் போட்டி, நடுவில் இருப்பவருக்குப் பெரும்பங்கு. (நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலும் அதுதானே நடக்கிறது!) இளம் விண்மீன்கள் மோதி ஒன்றாகின்றன என்பது 1998இல் எழுந்த மூன்றாவது கட்சி.

உரைகல் வெளிப்பாய்ச்சலின் வடிவம். நேரான இரட்டைத் தாரை என்றால் வட்டு இருக்கவேண்டும்; சிதறல் என்றால் மோதலைச் சந்தேகிக்கலாம். ஓரியன் மேகத்தில் இருப்பது சிதறல்தான். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பு ஒன்றிலிருந்து வாயு விரல்விரலாக எல்லாத் திசையிலும் பாய்கிறது. ஆனால் அந்த ஒன்றை வைத்துச் சட்டம் எழுதக்கூடாது என்பேன்.

எதிர்ச்சாட்சி தனுசு விண்மீன்கூட்டத்தில் உள்ள எச்எச் 80-81 என்ற தாரை. 1993இல் மார்த்தி, ரொட்ரீகஸ், ரைபூர்த் ஆகியோர் வரைந்துகாட்டிய அந்த நீண்ட தாரையைச் செலுத்துவது ஒரு பெருவிண்மீன். 2010இல் அந்தத் தாரையின் ரேடியோ அலைகளில் முனைவாக்கம் தெரிந்தது, காந்தப்புலம் உறுதியாயிற்று.

இங்கே நம்மவர் தொடர்பும் உண்டு. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்பின் தலைமன்னாரில் கப்பலேறிய நம் சனம் பலர் குடியேறிய நீலகிரியில், 1970இல் கோவிந்த் ஸ்வரூப் 530 மீட்டர் நீள ரேடியோத் தொலைநோக்கியை மலைச்சரிவிலேயே நிறுத்தினார். சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகைக்குச் சமம். சரிவின் அருமை மலைநாட்டாருக்குச் சொல்லவேண்டுமா! அவரே பின்னர் புனேக்கு அருகே 45 மீட்டர் அகல ஆண்டெனாக்கள் முப்பதைக் கொண்ட ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோத் தொலைநோக்கியை எழுப்பினார். அதைக்கொண்டு திருவனந்தபுரத்துச் சரிதா விக் குழுவினர் 2018இல் எச்எச் 80-81ஐக் குறைந்த அதிர்வெண்ணில் அளந்தார்கள். காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலெக்ட்ரான்களின் கையெழுத்து அங்கே இன்னும் தெளிவாயிற்று.

ஆகவே இங்கே வட்டு வென்றது. முதல் பள்ளி வென்றதா? இல்லை. போட்டிப் பள்ளியிலும் வட்டு உருவாகும், தாரையும் பாயும். இவ்விரண்டையும் பிரிக்கத் தாரை போதாது. வட்டுக்கு வாயு பக்கத்து முடிச்சிலிருந்து வருகிறதா, தொலைவு மேகத்திலிருந்தா என்று பார்க்கவேண்டும். சிலியிலுள்ள அல்மா ரேடியோத் தொலைநோக்கியின் 66 ஆண்டெனாக்களுக்கு அந்த வேலை இன்னும் பாக்கி.