தனிநடையும் தாள் சொல்லாத லண்டனும்

லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தைச் சுற்றியுள்ள பழைய நகரத்தை, வழிகாட்டி யாரும் இல்லாமல் கையில் ஒரு வரைபடத் தாளோ கைப்பேசியோ வைத்துக்கொண்டு நடந்தே பார்ப்பவர்கள் ஏராளம். அரசி எலிசபெத்தின் வெள்ளிவிழாவுக்காக 1977இல் திறந்த ஜூபிலி நடைபாதை இவர்களுக்காகவே அமைந்தது. தரைக்கல்லுக்குள் ஒரு வட்டத் தகடு, அதில் ஒரு கிரீடம். கிரீடத்தின் உச்சிச் சிலுவை எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். வழி கேட்கவே வேண்டாம்.

தனிநடையின் பெரிய பலம், நேரம் நம் கையில் இருப்பதுதான். சீப்சைடில் பிரெட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், பௌல்ட்ரி என்ற பெயர்ப்பலகைகளை நின்று படிக்கலாம். ரொட்டி, பால், கோழி என்று எது விற்றதோ அதுவே தெருவின் பெயர். மதுரை வெண்கலக்கடைத் தெருவில் நடந்தவருக்கு இதை விளக்க ஆள் வேண்டாம். சற்றுத் தள்ளி, லண்டன் பெருந்தீயின் நினைவாக எழுந்த மானுமென்ட் தூண். அதன் உயரம் 202 அடி. 1666இல் பெருந்தீ தொடங்கிய புட்டிங் லேன் இடத்துக்கும் தூணுக்கும் உள்ள தூரமும் அதே 202 அடி. தாளில் படிக்கும்போது இது வெறும் கணக்கு. 311 படி ஏறி, மூச்சு வாங்க, கீழேயுள்ள புட்டிங் லேனையும் தொலைவில் தெரியும் பேராலயக் குவிமாடத்தையும் மாறிமாறிப் பார்க்கும்போதுதான், இங்கே பற்றிய நெருப்பு அவ்வளவு தூரம் போய்ப் பழைய பேராலயத்தையே தின்றது உறைக்கிறது. குழுவோடு போனால் இந்த நிதானம் கிடைப்பது அரிது.

ஆனால் பலகையை நம்பி நடப்பவர் பலகையோடு நின்றுவிட வேண்டியதுதான். 1984இல் நகரின் பழைய மதில் வழியே 21 பலகைகளுடன் ஒரு நடைவழி அமைத்தார்கள். கட்டடங்கள் இடிந்து புதிதாக எழுந்தபோது சில பலகைகள் போய்விட்டன. வழி போய்ச் சேரும் லண்டன் அருங்காட்சியகமும் 2022 டிசம்பரில் அந்த இடத்தில் மூடப்பட்டது. கூட ஒரு மனிதர் இருந்தால் விட்டுப்போனதைச் சொல்லி நிரப்புவார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாள் சொல்லாததைக் கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. செயின்ட் பால்ஸுக்குள் பிஷப் ஹீபரின் சிலை இருக்கிறது. 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்து, அங்கேயே செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கமானவர். திருச்சியில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. சிலையை வடித்த சான்ட்ரிதான் சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் மன்றோவையும் வடித்தவர். அதே பேராலயத்தில் கார்ன்வாலிஸுக்கும் நினைவுச்சின்னம் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கித்தந்த தளபதி அவர். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் லெடன்ஹால் ஸ்ட்ரீட். சென்னைக் கோட்டைக்கு உத்தரவுகள் புறப்பட்ட கம்பெனித் தலைமையகம் நின்ற இடம். 1861இல் அதை இடித்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது 1986இல் திறந்த லாயிட்ஸ் கட்டடம். குழாய்களும் படிக்கட்டுகளும் வெளியே தெரியும் அதன் வடிவத்தை அண்ணாந்து பார்த்தபடியே நானும் பல முறை கடந்து போயிருக்கிறேன், நம் ஊர்களின் வரியைக் கணக்கெழுதிய இடம் என்று தெரியாமலே.

தேர்ந்த வழிகாட்டிகள் எல்லோரும் இதைச் சொல்லிவிடுவார்கள் என்றில்லை. ஆனால் அவர்களிடம் கேள்வி கேட்கலாம், பதில் வரும். தாளிடம் அது முடியாது. அதற்காகத் தனிநடையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். இந்த நகரம் அப்படி நடந்தால்தான் மனத்தில் ஒட்டுகிறது. குறை நடையில் இல்லை, தாளை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதில் இருக்கிறது. லண்டன் தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் மனம் வைத்தால், ஹீபர் சிலையில் தொடங்கி லெடன்ஹாலில் முடியும் அரைநாள் நடைக்கு ஒரு தமிழ்த் தாள் அச்சிடலாம். இரண்டு பக்கம் போதும். இந்தக் கோடை விடுமுறைக்குள் யாராவது தொடங்குங்கள்.