குருத்தணுவும் உப்பளமும்

2008 டிசம்பரில் திருப்பீடம் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏட்டைக் கருத்தூன்றிப் படித்தோம். குருத்தணுக்களை அது தெளிவுறப் பகுக்கிறது: கருவை அழித்து எடுப்பது தகாது, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் தொப்புள்கொடிக் குருதியிலிருந்தும் தீங்கின்றி எடுப்பது தகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்துவரும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்நெறிக்கு நம்மிடையே உள்ள சான்று.

ஆயினும் ஒரு குறை. நூறாண்டுக்கு முன் ஒடுக்கப்பட்ட தொழிலாளர்க்காகப் பேசியதுபோல் இன்று பிறவாத உயிர்களுக்காகத் திருச்சபை பேசுகிறது என்று ஏட்டின் முடிவுரை ஒப்பிடுகிறது. மரக்காணம் உப்பளத்தில் வெறுங்காலுடன் உப்பு வாரும் தாய்க்கோ அந்தப் பழைய துயர் இன்னும் தீரவில்லை. அவள் பிள்ளை தலசீமியா நோயுடன் பிறந்தால், அறம் ஏற்கும் அச்சிகிச்சையின் செலவைத் தாங்குவது யார்? கருவிலுள்ள பிள்ளைக்காகப் பேசும் நாம், பிறந்த பிள்ளையின் படுக்கையருகிலும் நிற்றல் வேண்டும்.